நாகம்மாள் கேட்ட பங்கு

தாராபுரத்துக்காரர் இருவர் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றிக் கேட்டுக்கொள்வார்கள். அமராவதியில் தண்ணீர் வந்ததா என்று கேட்டுக்கொள்வார்கள். அவையெல்லாம் முடிந்த பிறகு எங்களில் ஒரு சிலர் மட்டும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இப்ப என்னங்க படிக்கறீங்க?" படிப்பகங்கள் தந்த பழக்கம் அது. ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நான்கு ஏடுகள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதார் பத்துப் பேர் சுற்றியமர்ந்து கேட்பார்கள். படித்தவன் தான் படித்ததைப் பிறருக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சொல்லாமல் வைத்திருப்பவனைப் பதுக்கல்காரன் என்றே கேலி செய்வார்கள். அத்தகைய படிப்பகங்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பழக்கத்தின் பேரில், சென்ற மூன்று திங்களில் நான் படித்தவற்றை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

பட்டியல் பெரிதன்று. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?', அறிஞர் அண்ணாவின் 'குமாஸ்தாவின் பெண்', பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' ஆகிய நான்கே நூல்கள். இவற்றோடு இந்துக்களின் வாரிசுரிமைச் சட்டத்தை விளக்கும் சிறு கையேடு ஒன்று. அதைப் படிக்க நேர்ந்த காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். இவற்றில் முதலாவதை எடுத்தேன். அது என்னை மற்றவற்றிடம் துரத்தியது. ஆகவே 'நாகம்மாளை'ப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன். ஏனையோர் பொறுத்தருள வேண்டும்.

அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். தோட்டமும் காடுமாக நிலமுள்ளவர். இளமையில் நிறையப் படித்தவர். அட்டையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏனுங்க, இந்தக் கதையவா படிக்கறீங்க? அந்தப் பொம்பளையாலதானுங்களே ஒரு குடும்பமே நாசமாப் போச்சு!"

"அப்படி அவங்க என்னங்க தப்புப் பண்ணுனாங்க?" என்று கேட்டேன்.

"பங்கு கேட்டாளுங்களே!"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. களவு செய்தாள், கொலை செய்தாள் என்று சொல்லுகிற அதே தொனியில் பங்கு கேட்டாள் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போய் நூலை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

சண்முகசுந்தரம் நம் ஊர்ப் பக்கத்தவர். அன்றைய கோவை மாவட்டம் தாராபுரம் வட்டத்துக் கீரனூரில் 1917 ஆம் ஆண்டு பிறந்து, 1977 ஆம் ஆண்டு மறைந்தவர். 'நாகம்மாள்' வெளிவந்த 1942 ஆம் ஆண்டில் அவருக்கு வயது இருபத்தைந்து. கு. ப. ராஜகோபாலன் ஊக்கமளிக்க, முன்னுரை தர, வெளிவந்த நூல் அது. பிற்காலத்தில் வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழாக்கித் தந்தவரும் அவரே; 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் படித்தவர்கள் அவருடைய கையால் படித்தவர்கள்தாம்.

கதை சிறியது. நாகம்மாள் இளம் விதவை. ஒரே ஒரு பெண் குழந்தை. கணவனின் தம்பி சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோரோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள். ஊரில் கெட்டியப்பன் என்ற முரடன் ஒருவன். அவனோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. சின்னப்பன்மீது பகை கொண்ட மணியக்காரரும் அவனும் சேர்ந்து, 'உன் பங்கைக் கேள்' என்று அவளை ஏவுகிறார்கள். அவள் கேட்கிறாள். முடிவில் சின்னப்பன் கொலையுண்டு சாய்கிறான். அவ்வளவே கதை.

தேநீர்க் கடைப் பெரியவரின் தீர்ப்பு இந்தச் சுருக்கத்திலிருந்து பிறந்தது. ஆனால் சுருக்கத்தை விட்டு நூலுக்குள் போனால் வேறொன்று தெரிகிறது. அந்த நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவானது. அண்ணன் இறந்தான். இறந்தவனுடைய பாதி எங்கே போயிற்று? அது எங்கும் போகவில்லை. தம்பியின் ஏர் அதன்மேலும் நடந்தது. யாரும் பறிக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, பத்திரம் திருத்தவில்லை. கணவன் கண்மூடிய அந்த நாளே அவனுடைய பாதியும் ஓசையின்றித் தம்பி பக்கம் சாய்ந்துவிட்டது. நாகம்மாளுக்குச் சோறு உண்டு, சேலை உண்டு, வேலையும் உண்டு. காடு மட்டும் இல்லை.

அவள் பெற்றது ஆண் குழந்தையாக இருந்தால் இந்த நாவலே பிறந்திராது. அந்நாளைய மிதாட்சர முறைப்படி, பிறந்த குழந்தை ஆண் என்றால் தொட்டிலில் கிடக்கும்போதே அவன் பங்குதாரன். தாய் கேட்க வேண்டியதில்லை. மணியக்காரர் ஏவ வேண்டியதில்லை. பையன் வளர்ந்து வந்து சித்தப்பனிடம் 'பிரித்துக் கொடுங்கள்' என்றால் ஊர் முழுவதும் 'நியாயந்தான்' என்று சொல்லியிருக்கும். பிறந்தது பெண். ஆகவே தாயும் மகளும் அந்த வீட்டில் உண்டு உடுத்தி வாழ்கிறவர்கள், உடையவர்கள் அல்லர்.

நம் கொங்குநாட்டில் தந்தைவழி ஆண் உறவினரைப் 'பங்காளி' என்கிறோம். எவ்வளவு நேர்மையான சொல்! உறவைப் பங்கால் அளந்து பெயரிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பெண்பால் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். என் காது கேட்டு இல்லை. அண்ணன் மனைவி பங்காளியின் மனைவி. அண்ணன் மகள் பங்காளியின் மகள். பங்காளி மட்டும் எப்போதும் ஆண்.

இந்த இடத்தில்தான் சட்டக் கையேட்டைப் புரட்ட நேர்ந்தது. 1937 ஆம் ஆண்டு இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கூட்டுக் குடும்பத்தில் கணவனுக்கிருந்த பங்கு விதவைக்குச் சேரும். அவள் பாகப்பிரிவினையும் கேட்கலாம். ஆனால் வாழ்நாள் வரை அனுபவிக்கலாமே அன்றி முழு உரிமையன்று, என்பது அதன் சாரம். அரைச் சட்டம்தான் என்றாலும் ஒரு கதவு திறந்தது. நான்கே ஆண்டுகளில் அதில் பாதியை மூடிவிட்டார்கள். விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்ட பொருள், ஆகவே மாகாணங்களின் வேளாண் நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 1941 ஆம் ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் கூறிற்று. வீடு இருந்தால் பங்கு, வங்கியில் பணம் இருந்தால் பங்கு. காடு இருந்தால் பங்கில்லை! கொங்குநாட்டுக் குடியானவனின் விதவைக்கு வேறு என்ன இருந்தது? சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை வேளாண் நிலத்துக்கும் விரித்துத் தனிச்சட்டம் இயற்றியது 1947 ஆம் ஆண்டில். இரண்டுக்கும் இடையில், 1942 இல், நாகம்மாள் வந்து நின்று காட்டைக் கேட்கிறாள்.

சண்முகசுந்தரம் சட்டநூல்களைப் புரட்டிவிட்டு நாவல் எழுத உட்கார்ந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதியிருந்தால் நூல் இவ்வளவு நன்றாக அமைந்திராது. ஊரில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தவர், எந்த இடத்தில் வலி இருக்கிறதோ அந்த இடத்தில் கை வைத்தார். வலி இருந்த இடமும் சட்டம் கைவிட்ட இடமும் ஒன்றாகவே இருந்தன.

இந்த நூலைப் பற்றி விமர்சகர்கள் எழுதாமலில்லை. க. நா. சுப்ரமணியம் முதலானோர் வட்டார நாவலின் முன்னோடி என்று இதை உயர்த்திப் பிடித்தார்கள். கொங்குத் தமிழைக் கதைமாந்தர் வாயில் வைத்த துணிவைப் போற்றினார்கள். உண்மைதான்; போற்றத் தக்கதுதான். ஆனால் 'மண்ணின் மணம், மண்ணின் மணம்' என்று ஆண்டாண்டுகளாக எழுதிவருகிற ஒருவரேனும், 'அந்த மண் யாருக்கு?' என்று நின்று கேட்கக் கூடாதா? மணத்தை மோந்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். பங்கு கேட்டு ஒருத்தி வாசலில் நிற்கிறாள். பார்க்க வந்தவர்கள் வாசற்கோலம் அழகு என்று பாராட்டிப் போகிறார்கள்.

நம்மவர்கள் செய்தது என்ன? அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் கேட்ட மேடைகளில் 'நாகம்மாள்' பேசப்பட்டதே இல்லை. 1929 ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கேள்வியைக் காட்டு வரப்பில் வைத்து ஒருவர் நாவல் எழுதுகிறார், நாம் கண்டுகொள்ளவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த நூலில் சொற்பொழிவு இல்லை. நாகம்மாள் வாய் திறந்து சாத்திரத்தைச் சாடவில்லை; சமுதாயமே கேள் என்று விளிக்கவில்லை. முழக்கம் கேட்டுப் பழகிய காதுக்கு முணுமுணுப்பு எட்டவில்லை.

இதை நினைத்துத்தான் அண்ணாவின் 'குமாஸ்தாவின் பெண்'ணை எடுத்தேன். 'கொலைகாரியின் குறிப்புகள்' என்ற மாற்றுத் தலைப்பும் உடையது. அண்ணா 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியது 1942 ஆம் ஆண்டு. நாகம்மாள் பிறந்த அதே ஆண்டு. அண்ணாவின் காந்தாவும் இளம் விதவைதான். இரு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். காந்தா தன் கதையைத் தானே எடுத்துரைக்கிறாள். தன்னைக் கெடுத்த உலகத்தைக் கூண்டில் ஏற்றுகிறாள். வாசகன் நீதிபதியின் இடத்தில் கூசி உட்கார்ந்திருக்கிறான். அந்த நடையின் வேகம் இன்றும் குறையவில்லை. நாகம்மாளுக்கு அந்த நாவன்மை இல்லை. அவள் கதையைப் பிறர் சொல்கிறார்கள், ஊர் சொல்கிறது, கடைசிவரை அவள் மனத்தை முழுவதும் நாம் கேட்பதில்லை. ஆனால் காந்தாவுக்கு இல்லாத ஒன்று அவளிடம் இருக்கிறது. அளந்து, எல்லை காட்டி, இன்னது எனக்கு வேண்டும் என்று சொல்லத்தக்க ஒரு பொருளை அவள் கேட்கிறாள். காந்தாவுக்கு வாசகன் இரக்கம் காட்டுவான். நாகம்மாளுக்கு இரக்கம் போதாது, நிலம் வேண்டும். சரத்சந்திரரின் வங்க நாவல்களில் எத்தனை விதவைகள்! அவர்கள் அழுதால் நாமும் அழுகிறோம். அழுவதில் யாருக்கும் செலவில்லை. நாகம்மாளுக்காக யாரும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரக்கப்பட்டால் காட்டில் பாதி போய்விடுமே!

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நான் பலமுறை படித்த நூல். இம்முறை ஒன்றைப் புதிதாகக் கவனித்தேன். பத்துக் கட்டுரைகளில் 'விதவைகள் நிலைமை' என்ற கட்டுரையை அடுத்து உடனே வருவது 'சொத்துரிமை'. தம் தங்கை மகள் குழந்தை விதவையானபோது எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மறுமணம் செய்துவைத்தவர் அவர். மறுமணத்தோடு விதவையின் துன்பம் தீர்ந்தது என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அடுத்த அடியைச் சொத்தில் வைத்தார். இந்த வரிசையின் அருமை, 1856 ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். மறுமணம் செய்துகொள்ளலாம் என்றது அச்சட்டம். செய்துகொண்டவள் முதற்கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் கூடவே எழுதிவைத்தது. ஒரு கையால் தாலியைக் கொடுத்து மறுகையால் காட்டைப் பிடுங்கிக்கொண்டது. நாகம்மாள் ஏன் கெட்டியப்பனை மணந்துகொள்ளவில்லை என்று கேட்பவர்கள், மணந்திருந்தால் எந்த முகத்தோடு முதற்கணவனின் காட்டைக் கேட்டிருப்பாள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பெண்ணின் இழிவுக்கெல்லாம் புரோகிதரையும் சாத்திரத்தையும் காட்டிவிட்டு நாம் ஓய்ந்துவிடுவது வழக்கம். கொங்கு வேளாளர் திருமணத்தைப் பாருங்கள். அங்கே சடங்கை நடத்துபவர் அந்தச் சமூகத்திலேயே உள்ள அருமைக்காரர். வடமொழி மந்திரம் அதற்கு உயிரன்று. ஆயினும் விதவையின் வெள்ளைச் சேலை அங்கேயும் இருந்தது. மணப்பந்தலில் அவள் ஒதுங்கி நின்றாள். மனுவைப் படித்தறியாத குடியானவன் வீட்டிலும் மனு குடியிருந்தான் என்றால், வாசல் திறந்துவிட்டது யார்? நாகம்மாளின் கதையில் புரோகிதர் எந்த வேலையும் செய்யவில்லை. சொந்தக் கொழுந்தனும், ஊர் மணியக்காரரும், அக்கம்பக்கமுமே போதுமானவர்களாக இருக்கிறார்கள்.

தாராபுரத்தைப் பழைய விராடபுரம் என்று சொல்லிப் பெருமைப்படுவோர் இங்கே உண்டு. பாண்டவர் ஐவரும் ஒளிந்து வாழ்ந்த ஊராம். நம்புகிறவர் நம்பட்டும். நான் கேட்பது வேறு. அந்த ஐவர் எதற்காகச் சண்டையிட்டார்கள்? பங்குக்காக! பாதி நாடு கேட்டார்கள். கிடைக்காதபோது ஐந்து ஊர் கேட்டார்கள். அதுவும் கிடைக்காதபோது பதினெட்டு நாள் போர் நடத்திப் பெரியப்பன் மக்கள் நூறு பேரையும் கொன்றார்கள். அதைத் தருமம் என்று கோயில் வாசலில் உட்கார்ந்து கதையாகக் கேட்டார்கள் நம் முன்னோர். பங்கு கேட்ட ஆண்கள் காவியத் தலைவர்கள்! பங்கு கேட்ட நாகம்மாள் குடிகேடி! ஆண்டுதோறும் பங்காளிச் சண்டையில் அண்ணன் தம்பியை வெட்டியதாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். அதனால் ஆண்களுக்குச் சொத்துரிமையே ஆகாது என்று எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா?

நூலுக்குக் குறையே இல்லையா? உண்டு. உரிமைக் கேள்வி அவளுடைய நெஞ்சில் தானாகப் பிறந்து வளர்வதை ஆசிரியர் போதுமான அளவு காட்டவில்லை. கெட்டியப்பனும் மணியக்காரரும் ஏவ, அவள் கேட்கிறாள். அதனால், 'சொந்தப் புத்தி இல்லாதவள், எவனோ சொல்லிக் கொடுத்தான்' என்று சொல்ல வாசகனுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. இருபத்தைந்து வயது இளைஞர், கேள்வியின் நெருப்பைக் கண்டு சற்றே அஞ்சி, அதை ஒரு முரடனின் கையில் கொடுத்துவிட்டாரோ என்று தோன்றுகிறது. முடிவும் அப்படியே. சின்னப்பன் சாய்ந்ததோடு கதை நிற்கிறது. அந்தக் காடு பிறகு என்னவாயிற்று, அந்தச் சிறுமி எங்கே போனாள் என்ற கேள்விகள் வெளியே நிற்கின்றன.

ஆனால் ஒன்றில் அவர் பெரிய கலைஞர். சின்னப்பனை அவர் கெட்டவனாக எழுதவில்லை. குடிகாரனாக, கொடுமைக்காரனாக எழுதியிருந்தால் வேலை எளிது. நாமும் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். சின்னப்பன் உழைப்பாளி; அமைதியானவன்; வீட்டில் அனைவருக்கும் சோறு போடுகிறவன். அண்ணியை அவன் வெளியே தள்ளவில்லை. அவளுக்கு ஒரு பங்கு இருக்கலாம் என்ற எண்ணமே அவனுக்குள் பாடாய் முளைக்கவில்லை. நல்லவன் ஒருவன், தன் நல்ல குணம் கொஞ்சமும் கெடாமல், இன்னொருத்தியின் பாதியின்மேல் உழுதுகொண்டிருக்க முடியும் என்று காட்டிய தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

'கூளமாதாரி'க்கு வருகிறேன். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கொங்கு மண். 'நாகம்மாளை' மெச்சிக்கொண்டிருந்த என்னை அது ஓங்கி அறைந்தது என்றே சொல்ல வேண்டும். கவுண்டர் வீட்டில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையன். அவனைப் போலவே நெடும்பன், செவிடி முதலிய பிள்ளைகள். பெயர்களைக் கவனியுங்கள். குட்டையாக இருந்தால் கூளையன், நெட்டையாக இருந்தால் நெடும்பன், காது கேளாவிட்டால் செவிடி. ஊர் அவர்களுக்குப் பெயர் வைக்கவும் இல்லை. உடம்பில் கண்டதைச் சொல்லி அழைத்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் மேய்க்கும் ஆடு அவர்களுடையதன்று. மேய்க்கும் காடும் அவர்களுடையதன்று. நாகம்மாளுக்காவது 'என் பங்கு' என்று சொல்லி நிற்க ஒரு வரப்பு இருந்தது. கூளையனின் தாய் எந்த வரப்பில் நின்று எதைக் கேட்பாள்? நிலமுள்ள சாதியின் வீட்டுக்குள் நடக்கும் நீதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு, வேலிக்கு வெளியே நிற்கிறவர்களை அந்த நூல் காட்டிக் கொடுத்தது. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே தொட்டதோடு விடுகிறேன்.

இனி, சட்டக் கையேட்டின் கதை. 1956 ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. விதவையின் அரை உரிமை முழு உரிமையாயிற்று. தந்தையின் பாகத்தில் மகளுக்கும் இடம் கிடைத்தது. 1989 ஆம் ஆண்டு, கலைஞர் ஆட்சியில், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்குடையவள் என்று தமிழ்நாடு திருத்தம் செய்தது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 ஆம் ஆண்டு நடுவண் சட்டம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. செங்கற்பட்டுத் தீர்மானம் சட்டப் புத்தகம் வரை வந்து சேர எழுபத்தாறு ஆண்டுகள்.

சட்டப் புத்தகத்திலிருந்து வீடு வரை வர இன்னும் எத்தனை ஆண்டுகளோ! பெண்கள் தம் பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? 'விடுதலைப் பத்திரம்'. இயக்கத்தின் நாளேட்டுக்கு வைத்த பெயரை, அவர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். 'சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, பிறந்த வீடு நாளைக்கும் வேண்டாமா' என்ற மூன்று சொற்றொடர்களில் கையொப்பம் விழுந்துவிடும்.

ஊரைச் சொல்வானேன்? என் வீட்டுப் பெட்டியிலேயே அப்படியொரு பத்திரம் இருக்கிறது. எங்கள் தந்தையார் மறைந்த பிறகு, 1996 ஆம் ஆண்டு, என் அக்கா எனக்கு எழுதிக் கொடுத்தது. நான் கேட்கவில்லை, பெரியவர்கள் ஏற்பாடு செய்தார்கள், அக்கா வந்து கையொப்பமிட்டார், நான் மதியச் சாப்பாடு போட்டுப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்து மூலனூருக்குப் பேருந்து ஏற்றி அனுப்பினேன். அதே ஆண்டில்தான் பெண்ணுரிமை பற்றி ஒரு மன்றத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டல் நன்றாக இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்கு அந்நாளில் தோன்றவே இல்லை. தந்தையின் பாகத்தில் அக்காவுக்கு அன்றைக்கே பங்கு இருந்தது என்பதைக் கையேட்டில் கோடிட்டுப் படித்தது சென்ற மாதம்.

'நாகம்மாளை' அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நாளில் படித்து முடித்துவிட்டார். மறுமுறை போனபோது, வழக்கம்போல, "என்னக்கா, படிச்சீங்களா? எப்படி இருக்குது?" என்றேன். நாகம்மாளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தச் சின்னப்பன் நல்லவந்தாண்டா தம்பி," என்றார். "உன்னையாட்டவே நல்லவன்."

வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டேன். பதிவான விடுதலைப் பத்திரத்தை இத்தனை ஆண்டு கழித்து அப்படியே திருப்பிவிட முடியாதாம். என் பாகத்திலிருந்து அக்காவுக்குத் தானமாகத்தான் எழுதிக் கொடுக்க முடியுமாம். அவருடையதை அவருக்கே நான் தானம் செய்வதாக அந்தப் பத்திரத்தில் வாசகம் வரும். எழுதச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.